மலைக்கு வசந்தம் ஆடியில்தான்!



நமக்கெல்லாம் வசந்தம் என்றால் சித்திரைதான். வேப்பம்பூ உதிரும். மாவடு கூடையில் வந்து இறங்கும். மல்லிகை மலிந்து போய், முழம் போடும்போதே பூக்காரி கை தாராளமாக நீளும். ஆடி பிறந்துவிட்டாலோ வெறும் காற்று. அம்மியையே தூக்கும் காற்று. ஆனால் நம் நாட்டிலேயே ஓரிடத்துக்கு வசந்தம் ஆடி மாதத்தில்தான் வருகிறது. வந்த வேகத்தில், இரண்டே மாதத்துக்குள் மூட்டை கட்டிக்கொண்டு போயும் விடுகிறது!

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்குப் போகும் வழியிலிருந்து சற்றே விலகி, இமயமலையின் மடியில் ஒளிந்திருக்கும் ‘பூக்களின் பள்ளத்தாக்கு’தான் அந்த இடம். நவம்பரிலிருந்து மே வரை அங்கே பனிதான். ஜூனில் பனி உருகும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, அதாவது நம் ஆடி மாதம் முழுக்க, பூ, பூ, பூதான்.

ஆடி என்றதும் உங்களில் சிலருக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, மொய்க் கவர் செலவு கிடையாது. வீட்டுப் பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிற மாதம் அது ஒன்றுதான். அதனால்தான் 2022 ஆடியில் நானும் என் நாத்தனாரும் துணிந்து கிளம்பினோம்.

பத்ரி என்றால் சரி, பூ என்றால்?

என் நாத்தனாருக்கு அப்போது வயது 52. திருச்சியில் இருக்கிறாள். 2020-இல் கணவரை இழந்தவள். அதற்கு முன்னால், மாலை நாலு மணி அடித்தால் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுவது அவள் வழக்கம். பேச்சு ஒரு பக்கம் நடக்கும். விரல்கள் பார்க்காமலே தொடுத்துக்கொண்டு போகும். அவர் போன பிறகு, பூக்காரி அவள் வாசல் வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவாளாம். கெட்ட எண்ணம் இல்லை, பாவம், அவளுக்கும் தர்மசங்கடம். “மல்லிப்பூ வாசனை வந்தா ஜன்னலைச் சாத்திடுவேன் அண்ணி” என்று இவள் என்னிடம் ஒரு நாள் போனில் சொன்னாள். அதற்கு என்ன பதில் சொல்வது? “என்னோட ஒரு இடத்துக்கு வர்றியா?” என்று மட்டும் கேட்டேன்.

பத்ரிநாத் போகிறோம் என்றதும் சுற்றத்தில் அத்தனை பேரும் மகிழ்ந்து காணிக்கையெல்லாம் கொடுத்தனுப்பினார்கள். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றாயிற்றே! ஆனால் வழியில் நாலு நாள் பூப் பார்க்கப் போகிறோம் என்றதும் முகங்கள் மாறின. “பூ வெச்சுக்கிறதே வேண்டாம்னு இருக்கறவ, பூ பார்க்க இமயமலைக்குப் போறாளாமா?” என்றார் உறவில் ஒரு பெரியம்மா. நேர்த்திக்கடன் என்று சொன்னால் ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அனுப்புவார்கள். ஆசை என்று சொன்னால்தான் ஆயிரம் கேள்வி. என் வீட்டுக்காரர் மட்டும், “தங்கச்சி போயிட்டு வரட்டும், விடுங்க” என்று சொல்லிவிட்டு டிக்கெட் வாங்கி வந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு என்றைக்கும் கடன்பட்டவள்.

போகும் வழி

ஹரித்வார் வரை ரயில். அங்கிருந்து ரிஷிகேஷ். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒரு முழுப் பகல் வண்டியிலேயே போய்விடும். தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை என்று ஆறுகள் ஒன்றோடொன்று கூடும் இடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஜோஷிமட்டைத்தான் வைணவப் பெரியவர்கள் ‘திருப்பிரிதி’ என்று போற்றுகிறார்கள். நரசிம்மர் சந்நிதியில் நின்று கும்பிட்டோம். நாங்கள் வந்து ஆறே மாதத்தில், 2023 ஜனவரியில், அந்த ஊரில் பூமி உள்வாங்கி நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. செய்தியில் பார்த்து இருவரும் பேச்சற்றுப் போனோம்.

ஜோஷிமட்டுக்கு அப்பால் சுமார் 20 கிலோமீட்டரில் கோவிந்த்காட். அங்கிருந்து புல்னா வரை 4 கிலோமீட்டர் ஜீப் போகிறது. அதன் பிறகு நடைதான். காங்கரியா என்ற ஊர் வரை சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். நடக்க முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. முதுகுக் கூடையில் ஆளையே உட்கார வைத்துத் தூக்கிப் போகும் ‘கண்டி’ என்பதும் உண்டு. நாங்கள் நடந்தோம். அதற்காக நாத்தனார் இரண்டு மாதம் முன்பே மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் படிகளை வாரத்தில் நாலு நாள் ஏறி இறங்கிப் பழகியிருந்தாள். நானூறு படிக்கு மேல்! எனக்கு எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டுதான் பிள்ளையார் கோயில்.

வழியெல்லாம் சீக்கிய அன்பர்கள். காங்கரியாவுக்கு மேலே ஹேமகுண்ட் சாஹிப் என்ற அவர்களது புனிதத் தலம் இருக்கிறது. 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஏரிக்கரையில் அமைந்த குருத்வாரா அது. எண்பது வயதுப் பாட்டிகள்கூட ‘வாஹே குரு’ என்று சொல்லிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். காங்கரியா குருத்வாராவில் யார் போனாலும் சூடான ரொட்டியும் பருப்பும் உண்டு. யாரும் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை.

இந்தப் பாதைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 2013 ஜூன் வெள்ளத்தில் கோவிந்த்காட்டும், வழியிலிருந்த பியூந்தார் கிராமமும் சிதைந்து போயின. பாதையே பல இடங்களில் இல்லாமல் போயிற்று. பிறகு புதிதாகப் போட்டார்கள். புது வீடுகளுக்கு நடுவே, ஆற்றோரம் கிடக்கும் யானை யானையான பாறைகளைப் பார்த்தால் அந்த வெள்ளத்தின் பலம் புரியும்.

தலைவலி வந்தது

காங்கரியா 3,000 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே போய்ச் சேர்ந்த இரவு நாத்தனாருக்குத் தலைவலி. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள். ராத்திரி சரியாகத் தூங்கவுமில்லை.

எங்கள் குழுவில் பதினோரு பேர். மறுநாள் காலை ஹேமகுண்ட் ஏற வேண்டும், அதற்கு மறுநாள் பள்ளத்தாக்கு என்பது ஏற்பாடு. குழுவை அழைத்துப் போனவர், “ஒரு மாத்திரை போட்டுட்டு மெதுவா ஏறச் சொல்லுங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்றார். நாத்தனாரும், “என்னால மத்தவங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம், வந்துடறேன்” என்றாள். நம் பெண்களுக்கு இது பிறவிக் குணம். உடம்பு முடியவில்லை என்று சொல்வதையே ஒரு குற்றம் மாதிரி நினைப்பது!

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கிளம்பும் முன்பே எங்கள் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: “2,500 மீட்டருக்கு மேலே போனா யாருக்கு வேணும்னாலும் மலைநோய் வரலாம். வயசு, பலம் எதையும் அது பார்க்காது. தலைவலியோட குமட்டல், தலைசுற்றல், அசதி எதாவது சேர்ந்தா, அதுக்கு மேலே ஒரு அடிகூட ஏறக் கூடாது. இருக்கிற இடத்திலேயே ஓய்வு எடுக்கணும். குறையாம கூடிச்சுன்னா, ராத்திரியானாலும் கீழே இறங்கிடணும்.”

காரணம் எளிதுதான். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் நாம் அவகாசம் கொடுக்க வேண்டும். நேற்றுவரை சமவெளியில் இருந்த உடம்பை ஒரே ஓட்டமாக மலையுச்சிக்கு இழுத்துப் போனால் அது முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்?

மற்ற ஒன்பது பேரும் ஹேமகுண்ட் போனார்கள். நாங்கள் இருவரும் அறையில் இருந்தோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெந்நீர், சூப், கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். கஞ்சி என்றதும் ஒரு சமாசாரம்: காங்கரியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது! தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு போதாது. திறந்த பாத்திரத்தில் அரிசி வேக வெகுநேரம் பிடிக்கும். பருப்பைக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அங்கே டீக்கடையில்கூடக் குக்கர் விசில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் தினமும் அடுப்பில் வைக்கும் குக்கரின் அருமை அங்கே போனால்தான் தெரியும்.

மாலைக்குள் தலைவலி விட்டது. இரவு நன்றாகத் தூங்கினாள். ஹேமகுண்ட் பார்க்காததில் ஒரு நஷ்டம் உண்டு. பிரம்ம கமலம் அந்த உயரத்துப் பாறைச் சரிவுகளில்தான் தாராளமாகப் பூக்கும். அது உத்தராகண்டின் மாநில மலர். நம் வீடுகளில் தொட்டியில் வளர்த்து, ராத்திரி பூக்கும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோமே, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம்முடையது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிச்செடி. இமயத்துப் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம். காகிதம் போன்ற வெளிர்நிற இதழ் மூடிக்குள் கருஞ்சிவப்புப் பூக்கள் ஒளிந்திருக்கும். போனவர்கள் எடுத்து வந்த போட்டோவில்தான் பார்த்தோம். போகட்டும், உடம்பு முக்கியம்.

பள்ளத்தாக்கில் ஒரு பகல்

மறுநாள் காலை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். மாடு, குதிரை, கோவேறு கழுதை எதற்கும் உள்ளே இடமில்லை. கால்நடைகளுக்கு அனுமதி கிடையாது, கால்நடையாகப் போக அனுமதி உண்டு!

பூர்ஜ மரங்களுக்கு நடுவே பாதை ஏறுகிறது. உரித்தால் காகிதம் மாதிரி பட்டை பட்டையாக வரும் அதன் மேல்தோலில்தான் அந்தக் காலத்தில் சுவடி எழுதினார்கள். பாலத்தைத் தாண்டி ஓர் ஏற்றம் ஏறினால், இரண்டு பக்கமும் மலைச்சுவர், நடுவே விரிந்த பச்சை. கீழே ஓடும் ஆற்றின் பெயர் ‘புஷ்பவதி’. பெயரைக் கேட்டதும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்களோடு வந்த வடநாட்டுப் பெண்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்தப் பள்ளத்தாக்கில் பூக்கும் தாவரங்கள் 500 வகைக்கு மேல். நம் தோட்டக்காரர் பாத்தி கட்டி வைத்த மாதிரி வரிசையாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாம் கலந்துதான் இருக்கும், ஊர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பச்சை; கிட்டே போய்க் குனிந்தால்தான் ஒவ்வொன்றாக முகம் காட்டும். புதிய முகங்கள்தான். ஆனால் கொஞ்சம் விசாரித்தால் பாதி பேர் நமக்கு உறவு!

ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்பாகக் கூட்டம் கூட்டமாக நின்றது, நம் கொல்லைப்புறக் காசித்தும்பையின் சொந்தம். அதே மாதிரி முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கிறது. பாம்பு படம் எடுத்த மாதிரி மடலுக்குள் நின்ற ஒன்று, சேப்பங்கிழங்குக் குடும்பம். ஊதாவும் நீலமுமாகத் தரையோடு படர்ந்தது ஜெரேனியம். ஊட்டியில் தொட்டிகளில் வைத்திருப்பார்களே, அதற்குத் தூரத்து உறவு. ஸ்ட்ராபெர்ரி இலையும் ரத்தச் சிவப்புப் பூவுமாக இருந்தது பொட்டன்டில்லா. அது ரோஜாக் குடும்பம்.

எல்லாவற்றுக்கும் ராணி, நீலப் பாப்பி. பாறை இடுக்கில் ஒன்றே ஒன்று நின்றது. தண்டு முழுக்க முள். இதழோ கசங்கிய பட்டுத் துணி மாதிரி, ஆகாச நீலம். குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் ஒன்றுவிட்ட தங்கை இது. சில வருஷங்கள் வெறும் இலையாகவே தரையோடு ஒட்டிக் கிடக்குமாம். வேரில் போதிய பலம் சேர்ந்ததும் ஒரே ஒரு பருவம் பூத்து, விதை போட்டுவிட்டு, மடிந்து போகுமாம்.

இத்தனை பூவும் ஏன் இப்படி ஒரே சமயத்தில் அவசரப்படுகின்றன என்று கேட்டேன். வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பையன் அழகாகச் சொன்னான். பனி விலகி மறுபடி பனி மூடுவதற்குள் மூன்று, நான்கு மாதம்தான் அவகாசம். அதற்குள் முளைத்து, பூத்து, வண்டு வந்து, காய் பிடித்து, விதை விழுந்தாக வேண்டும். ஒன்று தவறினால் அடுத்த வருஷம் இல்லை. முதலில் பனி உருகும் ஓரத்திலேயே பிரிமுலா, அனிமோன் போன்ற குட்டைப் பூக்கள் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் பெரிய கும்பல். செப்டம்பரில் எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகி விதைக்குப் போய்விடும். பத்து நாளுக்கு ஒரு முறை பள்ளத்தாக்கு புடவை மாற்றும் என்று சொல்வது அதனால்தான்.

ஓரிடத்தில் நாத்தனார் பாதையோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பூவை நோக்கிக் கை போயிற்று; பிறகு தானே இழுத்துக்கொண்டாள். பறிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். உரோமம் போர்த்த பெரிய வண்டு ஒன்று பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தவள், “இதெல்லாம் சாமிக்கும் இல்லை, தலைக்கும் இல்லை, இல்லையா அண்ணி?” என்றாள்.

“வண்டுக்குத்தான்” என்றேன்.

“யாரையும் கேட்டுட்டுப் பூக்கலை” என்று சொன்னாள். அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, புளிசாதத்தை வயிறார இருவரும் சாப்பிட்டோம். அவ்வளவுதான். சினிமா மாதிரி கட்டிக்கொண்டு அழவெல்லாம் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு, பூக்காரியை அவளே கூப்பிட்டுத் தினம் கால் கிலோ உதிரிப்பூ வாங்கிக் கட்டி, தெருமுனைப் பிள்ளையாருக்குக் கொடுக்கிறாள். தலையில் வைத்துக்கொள்வதில்லை. அது அவள் இஷ்டம். அதில் தலையிட நான் யார், பெரியம்மா யார்?

பூவுக்காக வந்து தங்கிவிட்ட பெண்மணி

1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃப்ராங்க் ஸ்மித் என்ற ஆங்கிலேயரும் அவர் தோழர்களும், மழைக்கு ஒதுங்கப்போய் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அவர் 1937-இல் மறுபடி வந்து தங்கி, செடிகளையும் விதைகளையும் சேகரித்து, பிறகு எழுதிய புத்தகத்தால்தான் வெளியுலகம் இதை அறிந்தது. அதற்காக அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். பியூந்தார் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த இடம்தானே இது! தேவதைகள் உலாவும் பூமி என்று அவர்கள் சொல்லிவந்தார்கள்.

ஸ்மித்துக்குப் பின் 1939-இல் ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி இங்கிலாந்திலிருந்து தாவரங்கள் சேகரிக்க வந்தார். வயது 54. ஜூலை 4-ஆம் தேதி, பாறைச் சரிவில் பூச் சேகரிக்கும்போது கால் வழுக்கி விழுந்து இறந்துபோனார். பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்தார்கள். பிறகு அவருடைய சகோதரி அத்தனை தூரம் கடந்து வந்து ஒரு கல்வெட்டு வைத்துவிட்டுப் போனார். சமாதியைச் சுற்றிலும் பூச்செடிகள்தான். உடன்பிறந்தவளுக்காக அந்த நாளில் கடல் கடந்து, மலை ஏறி வந்த அந்தச் சகோதரியைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

யார் காப்பாற்றுவது?

1982-இல் இது தேசியப் பூங்காவானது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பூங்கா ஆனதும் ஆடு மாடு மேய்க்கத் தடை வந்தது. அதன் பின் ஒரு வகைப் புதர்ச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து மற்றப் பூக்களை அமுக்கத் தொடங்கியது. மேய்ச்சல் நின்றதால்தான் அது பெருகியது என்று ஒரு சாரார். இல்லை, சரிந்த மண்ணில் அது பரவுவது இயல்பு என்று இன்னொரு சாரார். விவாதம் எப்படியோ, வனத்துறை ஆட்களை வைத்து வருஷா வருஷம் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்பது என்றால் வேலி போட்டுவிட்டு உட்கார்வது அல்ல; நாம் வீட்டில் செய்கிற மாதிரி தினமும் களை பறிக்கிற வேலைதான் போலிருக்கிறது.

இதே சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட்டுக்குக் கிழக்கே ரேணி என்ற கிராமம். 1974 மார்ச் 26-ஆம் தேதி, ஆண்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவி என்ற பெண்மணி ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மறித்து நின்று, வெட்ட விடாமல் திருப்பி அனுப்பினார். ‘சிப்கோ’ என்று உலகமே பேசிய இயக்கத்தில் அது பெரிய திருப்பம். கௌரா தேவி பள்ளிக்கூடம் போகாதவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். காட்டை அம்மா வீடு என்று கருதியவர்கள் அந்தப் பெண்கள். இதைச் சொன்னபோது நாத்தனார், “திரும்பிப் போறப்போ அந்தப் பக்கம் போகலாமா?” என்று கேட்டாள். நேரம் இல்லை. அடுத்த தடவை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு

* பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். உள்ளே தங்க அனுமதியில்லை. காலையில் போய் மாலைக்குள் காங்கரியா திரும்பிவிட வேண்டும்.

* மழைக்காலம் என்பதால் மண்சரிவில் சாலை அடைபடுவது சகஜம். பயணத் திட்டத்தில் இரண்டு நாளாவது உபரியாக வையுங்கள். திரும்பும் டிக்கெட்டை இழுத்துப் பிடித்துப் போடாதீர்கள்.

* கிளம்ப இரண்டு மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே அதுதான். உயரத்தில் ஏறும்போது அது குறைவாக இருந்தால் இரட்டைச் சிரமம். கீரை, பேரீச்சை மட்டும் போதாது. டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

* கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. கைக்குழந்தைக்கும் சின்னக் குழந்தைக்கும் தலைவலி என்று சொல்லத் தெரியாது. அழுகையும் சாப்பிடாததும்தான் அடையாளம். குழந்தை வளரட்டும், மலை எங்கும் ஓடிவிடாது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

* மலைநோய்க்குத் தடுப்பு மாத்திரை உண்டு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம்.

* சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையாகச் சளி, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது – இவை அபாய அறிகுறிகள். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கீழே இறக்க வேண்டும்.

* வழியில் கழிப்பறை குறைவு. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். தலைவலிக்கும் நீர்க்கடுப்புக்கும் அதுவே வாசல். இருவர் சேர்ந்து போங்கள். ஒருவர் காவல், ஒருவர் மறைவு. ஒரு பழைய நைட்டி அல்லது பாவாடை பையில் இருந்தால் கைகொடுக்கும்.

* மாதவிலக்கு நாள் தள்ளிப்போகலாம், முந்தியும் வரலாம். நாப்கின் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். உபயோகித்ததைத் தனிப் பையில் கட்டித் திருப்பி எடுத்து வாருங்கள். மிட்டாய்க் காகிதத்துக்கும் இதே சட்டம்தான்.

* நன்றாகப் பழகிய ஷூ, மழைக்கோட்டு, மூன்று ஜோடிக் காலுறை, கம்பளிக் குல்லாய், டார்ச், கைத்தடி போதும். புது ஷூ வேண்டவே வேண்டாம். புடவையில் நடக்க முடியாது என்பதில்லை. நனைந்தால் கனக்கும், அதுதான் தொல்லை. சல்வார் சௌகரியம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த கடலை, வெல்லம் நம் பையில் இருந்தால் கவலை இல்லை.

* பாதையோரம் பச்சைப் பசேலென்று நிற்கும் எல்லா இலையையும் தொடாதீர்கள். நம் காஞ்சொறி மாதிரி அரிக்கும் செடி அங்கும் உண்டு.

இவ்வளவு தூரம் முடியாது என்கிறவர்களுக்கு, நம் மேற்கு மலைகளே இருக்கின்றன. கொடைக்கானல், மூணாறு பக்கம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. இன்றைக்குக் கைக்குழந்தையோடு இருக்கும் தங்கைகளுக்கு அது சரியான சமயம். குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதாகியிருக்கும். கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம். இப்போதே உண்டியலில் மாதம் ஒரு தொகை போட்டு வாருங்கள். எதற்கு என்று வீட்டில் கேட்டால், பூப் பார்க்க என்றே சொல்லுங்கள்.